கமரா அடம்பிடித்தால்...

மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் மாசி மகத்தன்று வீதிக்கு வரும் வேளை. கையிலுள்ள டிஜிட்டல் கமரா ஒரு படம் எடுக்கிறது, அடுத்ததற்கு மறுக்கிறது. பழுதென்று முடிவு கட்டாதீர்கள் சகோதரிகளே. காரணம் பெரும்பாலும் சிறியதே.

முதலில் பற்றரி. பலம் குறைந்தாலும் திரை எரியும். ஆனால் பிளாஷுக்குக் கூடுதல் மின்சாரம் தேவை. அது நிரம்பும்வரை சில கமராக்கள் படமெடுக்காது. பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். பற்றரி முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

அடுத்தது குவியம். பொத்தானைப் பாதி அழுத்திப் பொறுங்கள். அநேக கமராக்களில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தால் முழுவதும் அழுத்தலாம். மினுங்கினால் வெளிச்சம் போதவில்லை, அல்லது மிக அருகில் நிற்கிறீர்கள்.

மூன்றாவது மெமரி காட். நிரம்பிவிட்டதா, பக்கத்திலுள்ள சிறு பூட்டு கீழே தள்ளப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

'ஃபோர்மட்' செய்யும்படி கமரா கேட்டால் அவசரப்படாதீர்கள். அது எல்லாப் படங்களையும் அழித்துவிடும். இடம்பெயர்ந்தபோது அல்பத்தை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஒரு படத்தின் பெறுமதி தெரியும். முதலில் கணினியில் பிரதி எடுங்கள். தவறி அழிந்தால் அந்தக் காட்டில் புதிதாக ஒரு படமும் எடுக்காதீர்கள். மீட்கும் மென்பொருளால் பலவேளை திரும்பப் பெறலாம். புதுப்படம் பதிந்த இடத்திலிருந்த பழைய படம் திரும்பாது.

விழாவுக்கு முதல்நாள் மாலை பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். மறுநாள் மனம் பதறாது.