எண்ணப்படாத மனிதர்கள்

மருத்துவமும் புள்ளியியலும் பயிலும் நண்பர்களே! ஆராய்ச்சித் துறையைத் தேர்ந்தெடுக்கும்போது, போதைப் பழக்கத்தின் பரவலை ஆராயும் துறையையும் எண்ணிப் பாருங்கள்.

“போதைக்கு அடிமையானவனை எண்ணுவதும் ஒரு படிப்பா?” என நகைப்போர் உண்டு. அவர்கள் மணிப்பூரைக் காணட்டும். 1989-இல் அங்கே ஊசிவழிப் போதை ஏற்றுவோரிடையே எச்.ஐ.வி. தலைகாட்டியது, ஓராண்டிற்குள் சோதிக்கப்பெற்றோரில் பாதிப்பேரைப் பற்றியது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததே காரணம். 1996-இல் அம்மாநிலம் தீங்கு குறைக்கும் வழியைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

தூய ஊசி வழங்கினால் பழக்கம் பெருகாதா? ஆய்வுகள் அவ்வாறு காட்டவில்லை. உயிரோடிருப்பவன்தானே மீளமுடியும்!

டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி, 2019-இல் வெளியான கணக்கெடுப்பு, நாட்டில் இத்தகையோர் ஏறத்தாழ 8.5 லட்சம் என மதிப்பிட்டது. வீட்டுக் கதவைத் தட்டினால் இவர்களைக் காண்பது அரிது. நம்பிய ஒருவர் தம் தோழரை அழைத்து வரவேண்டும். ஆய்வாளரிடம் சொன்னது காவல் நிலையத்தை எட்டுமாயின், மறுநாள் எவரும் வாய் திறவார்.

ஆகவே, கணக்கறிவோடு பிறர் மறைவைக் காக்கும் பண்பும் உடையோரே இத்துறைக்குத் தேவை. நம்மில் சிலரேனும் முன்வரலாகாதா?