குடைச்சலா? உளைச்சலா?

ஹடப்சரில் நம்மவர் இல்லம் எதற்குச் சென்றாலும், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலோ சாமிப்படத்தின் கீழோ ஒரு மாத்திரை அட்டை கண்ணிற்படும். அடார்வாஸ்டாட்டின் என்றோ ரோசுவாஸ்டாட்டின் என்றோ அதன்மேல் அச்சிட்டிருக்கும். வீட்டார் அதனைக் 'கொழுப்பு மாத்திரை' என்பர். அட்டையில் பாதி தீராமல் இருப்பின், காரணம் கேட்டுப் பாருங்கள்.

"தின்னா தொடையெல்லாம் கடுக்குது தம்பி. நானே விட்டுட்டேன்."

"டாக்டரிடம் சொன்னீர்களா?"

"அவருக்கு நம்ம பேச்சு எங்கே விளங்குது!"

இவ்விரு விடைகளுள் பின்னதே என்னைப் பெரிதும் வருத்துகிறது. முன்னதற்கு விஞ்ஞானம் ஓரளவு விடை கண்டுவிட்டது. பின்னதற்கு விடை காண வேண்டியவர் நாமே அன்றோ!

மருந்தின் கதையைச் சுருங்கக் கூறுவேன். ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஏறத்தாழ 6,000 பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல் ஓர் அரிசிப் பூசணத்திலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டார். நம் பிம்ப்ரியில் 1954இல் தோன்றிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை பென்சிலின் வடித்த பூசணத்திற்கு இது பங்காளி முறை! கல்லீரல் கொலஸ்டிராலை ஆக்குவதற்கு வேண்டிய ஒரு நொதியை ஸ்டாட்டின்கள் தடுக்கின்றன. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் இவை குறைக்கின்றன என்பதில் ஐயமில்லை.

தசையைப் பற்றிய அச்சமோ கட்டுக்கதை அன்று. பேயர் நிறுவனத்தின் செரிவாஸ்டாட்டின் உண்டவர் சிலருக்குத் தசை சிதைந்து, அச்சிதைவு சிறுநீரகத்தைக் கெடுத்து, உயிர்கள் மாண்டன. 2001 ஆகஸ்டில் அம்மருந்து சந்தையிலிருந்து மீட்கப்பெற்றது. இன்று வழங்கும் ஸ்டாட்டின்களில் அத்தகைய சிதைவு மிக அரிது.

சரி, சாதாரண வலி? 19 சோதனைகளில் பங்குகொண்ட ஏறத்தாழ 1,24,000 பேரின் கணக்கு 2022இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மெய்யான மருந்து உண்டவருள் 27.1 விழுக்காட்டினர் தசைநோவு என்றனர். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை உண்டவருள் 26.6 விழுக்காட்டினரும் அவ்வாறே கூறினர்! முதல் ஆண்டில் மருந்து உண்டவர் கூறிய நோவுகளில் பதினைந்தில் ஒன்றே மருந்தால் வந்தது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியார், தொல்லை தாளாது ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு மருந்தையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து 2020இல் கண்டதும் இதுவே. தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரையிலும் தோன்றிற்று.

இதைக் காட்டி, "எல்லாம் மனப்பிரமை" என்று கை கழுவுவாரும் உளர். அவர்களை நான் ஒப்பேன். பதினைந்தில் அந்த ஒருவர் யார் என்பதன்றோ கேள்வி? 80 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டின் உண்டு தசைநோய் கண்டவர்களை ஆராய்ந்தபோது, மருந்தைக் கல்லீரலுக்குள் அழைத்துச் செல்லும் வாயிலை அமைக்கும் ஜீனில் அவர்களுட் பலருக்கு வேறுபாடு இருந்தது 2008இல் தெரிந்தது. வாயில் குறுகினால் மருந்து குருதியிலேயே தங்கித் தசையைச் சென்று தாக்குகிறது. சிங்கப்பூரில் ரோசுவாஸ்டாட்டினை ஒரே அளவில் கொடுத்து அளந்தபோது, வெள்ளையரைக் காட்டிலும் அந்நாட்டு இந்தியரின் குருதியில் அது ஏறத்தாழ 1.6 மடங்கு இருந்தது. சிங்கப்பூர் இந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். ஆசிய மரபினர்க்கு 5 மில்லிகிராமில் தொடங்குக என்று அமெரிக்க மருந்துக் குறிப்பு 2005 முதலே கூறுகிறது.

நிற்க. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், திருநெல்வேலிப் பக்கத்தவர், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர். இரு தொடையும் கடுத்து மாடிப்படி ஏற இயலவில்லை என்று மாத்திரையை நிறுத்தியிருந்தார். ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டாட்டினைத் தாமே நிறுத்துவது விளையாட்டன்று. மருத்துவரிடம் அவர் சொன்னதெல்லாம் 'தர்த்' என்ற ஒரே சொல். வலி நீக்கும் களிம்பு கிடைத்தது. வேறு என்ன கிடைக்கும்? மறுமுறை நானும் உடன் சென்றேன். கேட்கக் கேட்க ஒன்று வெளிப்பட்டது. மழைக்காலப் படர்தாமரைக்கென மருந்துக்கடையில் தாமாகவே இட்ராகோனசோல் வாங்கி உண்டு வந்திருக்கிறார். அம்மருந்து அடார்வாஸ்டாட்டின் உடலில் சிதைவதைத் தடுத்துக் குருதியில் அதன் அளவைப் பெருக்கவல்லது. கடுப்புத் தொடங்கியதும் அதே பதினைந்து நாளில்தான். மருத்துவர் அதனை நிறுத்தி, கிரியாட்டின் கைனேஸ், தைராய்டு இரண்டையும் சோதித்து, சில வாரம் கழித்துக் குறைந்த அளவில் ஸ்டாட்டினை மீண்டும் தந்தார். பெரியவர் இப்போது படியேறுகிறார்.

நம் மொழியில் குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு, கடுப்பு, பிடிப்பு, குத்தல், மதமதப்பு எல்லாம் வேறு வேறு. இவை வெறும் சொல்லழகல்ல, நோயறியும் கருவிகள். ஸ்டாட்டின் தரும் நோவு பெரும்பாலும் இருபுறமும் ஒத்து வரும். தொடை, இடுப்பு, தோள் போன்ற பெருந்தசைகளில் வரும். மருந்து தொடங்கியோ கூட்டியோ சில வாரங்களில் வரும். ஒரே காலில் இடுப்பிலிருந்து குதிகால்வரை மின்னலென இறங்கினால் நரம்பை ஐயுற வேண்டும். மூட்டுக்குள் குடைந்தால் மூட்டைப் பார்க்க வேண்டும். ஞானேசுவரர், துகாராம் பல்லக்குகள் நம் ஹடப்சரில் பிரியும் நாளில் உடன் நடந்துவிட்டு மறுநாள் கால் கடுத்தால், பாவம், மாத்திரை என்ன செய்யும்? அன்று குருதியைச் சோதித்தால் கிரியாட்டின் கைனேஸும் உயர்ந்தே நிற்கும். ஆனால் தசை தளர்ந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறமாகப் போனால் ஒரு நாளும் தாழ்த்தாது மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இத்தனை வேறுபாடும் 'தர்த்' என்ற ஒரு சொல்லில் கரைந்துபோகின்றன.

ஆதலால் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவிற்கு உழைக்கும் நாம், ஒரு தாளும் அச்சிடுவோம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மராத்தி. மாத்திரையின் பெயரும் அளவும், தொடங்கிய நாள், நோவு தொடங்கிய நாள், நோவும் இடம், அதன் வகை, கடையில் வாங்கி உண்ணும் பிற மருந்துகள், நாட்டு மருந்து உட்பட. இவ்வளவு போதும். தாளை நிரப்பவும், வேண்டுமாயின் உடன் செல்லவும் வாரம் ஒருநாள் மாலை நால்வர் முன்வந்தால் ஹடப்சருக்கு மட்டிலும் தாராளம். தமிழ்ப் பகுதியை எழுதி முடித்துவிட்டேன். மராத்தி பிழையின்றி எழுத வல்ல தோழர் ஒருவர் உடனே தேவை.