டெண்டர் பேப்பரைப் படிக்கும் வக்கீல்



பூந்தமல்லி கோர்ட் என்றதும் நம்மில் பலருக்கு ராஜீவ் காந்தி கொலை வழக்குதான் ஞாபகம் வரும். 1998 ஜனவரியில் அந்தத் தீர்ப்பு வந்தபோது நாடே இந்தப் பக்கம் பார்த்தது. அதே 1998-ல் தமிழ்நாட்டில் பிறந்த ஒரு சட்டத்தை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், அதாவது டெண்டர் சட்டம். பெயர் நீளம்தான். ஆனால் நம் வீட்டு வாசல் வரை வரும் சட்டம் அது.

பூந்தமல்லியை ஒட்டிய குமணன்சாவடியில் நின்று சுற்றிப் பாருங்கள். தலைக்கு மேலே கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி மெட்ரோ பாதை. கீழே மழைநீர் வடிகால். ரேஷன் கடையில் துவரம் பருப்பு, பாமாயில். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாத்திரை. இதில் எது டெண்டர் இல்லாமல் வந்தது?

"டெண்டரா? எல்லாம் கமிஷன் சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பேச்சு முழுப் பொய் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் தட்டிக் கேட்கச் சட்டத்தில் பிடிமானம் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். சினிமா வக்கீல் மாதிரி மேஜையைத் தட்டிப் பேசும் வேலை அவர்களுக்கு அதிகம் கிடையாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட டெண்டர் ஆவணத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கோடு எங்கே விழுகிறது? 2 கோடி ரூபாய் வரையிலான வேலை என்றால் டெண்டர் போட குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கின்றன அந்தச் சட்டத்தின் 2000-ம் ஆண்டு விதிகள். குறைத்தால், மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். காரணம் எழுதப்பட்டிருக்கிறதா? இன்ன தகுதி வேண்டும் என்று போட்டிருக்கிறார்களே, அது வேலைக்குத் தேவையா, இல்லை யாரோ ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்ததா? முடிவு பிடிக்கவில்லை என்றால் அரசிடம் மேல்முறையீடு செய்ய 10 நாள்தான். பதினோராவது நாள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு எந்த வக்கீல் என்ன செய்ய முடியும்?

தாமதத்துக்கு உச்ச நீதிமன்றமே உதாரணம் தந்திருக்கிறது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர். ஐந்து வருட அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் தர ஹோட்டல்காரராக இருக்க வேண்டும் என்று விளம்பரம். கடைசியில், கேன்டீன் மட்டுமே நடத்திய ஒருவருக்கு வேலை போனது. ரமணா தயாராம் ஷெட்டி என்பவர் வழக்குப் போட்டார். அரசு அமைப்பு தானே வகுத்த தகுதியைத் தானே மீறக் கூடாது என்று 1979-ல் தீர்ப்பு வந்தது. இன்றுவரை எல்லா டெண்டர் வழக்கிலும் அதைக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. மனுதாரர் மாதக்கணக்கில் தாமதித்துவிட்டார், அதற்குள் எதிராளி பணத்தைப் போட்டுவிட்டார் என்பது முக்கியமான ஒரு காரணம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தோற்றவர் எல்லாம் ஸ்டே வாங்கினால் தெருவில் தோண்டிய பள்ளம் அப்படியே கிடக்கும். விழுவது நம் வீட்டு ஸ்கூட்டர்தான். அதனால்தான் டாடா செல்லுலார் வழக்கில் 1994-லேயே, டெண்டர் முடிவுகளுக்கு மேல்முறையீட்டு அதிகாரி போல நாங்கள் உட்கார மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிவெடுத்த விதத்தில் பாரபட்சம், உள்நோக்கம் போன்ற கோளாறு இருந்தால்தான் தலையிடும். "கேஸ் நிக்காது, விட்டுடுங்க" என்று சொல்லி ஃபீஸை இழக்கும் வக்கீலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கோர்ட்டை விட, கையெழுத்துக்கு முந்தைய நாள்தான் இந்தத் தொழிலில் முக்கியம். "நீங்க வேலையை ஆரம்பிங்க, ஆர்டர் அப்புறம் வரும்" என்று அதிகாரி வாய்மொழியாகச் சொல்வதும், அதை நம்பி ஆள் இறக்குவதும் நமக்குப் புதிதா? 1944-ல் வங்காளத்தின் ஆராம்பாக்கில் இதுவேதான் நடந்தது. சிவில் சப்ளை துறைக்காக அறை, சமையற்கட்டு, கிடங்கு எல்லாம் கட்டித் தந்தது பி.கே. மொண்டல் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம். பில் கேட்டபோது, முறைப்படி ஒப்பந்தமே இல்லையே என்றது அரசு. உண்மைதான், இல்லை. அரசு ஒப்பந்தம் என்றால் ஆளுநர் பெயரால், அதிகாரம் பெற்றவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். இப்போது அரசியல் சட்டத்தின் 299-வது பிரிவும் அதையே சொல்கிறது. கட்டடத்தை அனுபவித்துவிட்டு காசு தராமல் இருக்க முடியாது என்று, ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் நியாயம் செய்தது. எப்போது? 1961 டிசம்பரில். பத்தொன்பதாயிரம் ரூபாய் சொச்சத்துக்குப் பதினேழு வருடம்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை, ஃபேப்ரிகேஷன், ரப்பர் பார்ட்ஸ் என்று அரசு நிறுவனங்களுக்கு சப்ளை செய்யும் குடும்பங்கள் நம் வாசகர்களில் நிறைய உண்டு. பில் நின்றால் அந்த வீட்டில் முதலில் அடகுக்குப் போவது நகை. பிறகு பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் தள்ளிப்போகும். சிறு தொழில்களுக்கான 2006-ம் வருடச் சட்டப்படி, என்னதான் எழுதிக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால் சிறு தொழில் பதிவு (இப்போது அதன் பெயர் உத்யம்) சப்ளைக்கு முன்பே இருக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவு இலவசம். அதைச் செய்யாமலே எத்தனை பேர் இருக்கிறார்கள், தெரியுமா?

திருவள்ளூர் பக்கம் பட்டரைபெரும்புதூர் சட்டக் கல்லூரிக்கு நம் பகுதிப் பிள்ளைகள் போகிறார்கள். கிரிமினலா, சிவிலா என்றுதான் வீட்டில் கேட்கிறோம். டெண்டர், ஒப்பந்தம், நடுவர் தீர்ப்பாயம் என்று ஒரு பாதை இருப்பதையும் சொல்லுங்கள். கொஞ்சம் கணக்கும், கட்டுமானக் களத்தில் செருப்பு தேய நடக்கும் பொறுமையும் வேண்டும். ஆரம்பத்தில் வருமானம் குறைவுதான், மறைக்கவில்லை.

உங்களில் அரசு வேலை எடுப்பவர்கள் இந்த மாதம் ஒரு காரியம் செய்யுங்கள். கையில் இருக்கும் ஒர்க் ஆர்டரை எடுத்து, கையெழுத்து, தேதி, பணம் தரும் கெடு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த லோடு அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்