அடித்து வளர்த்த புகழ்

பம்மல் இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. அந்த ஊர்ப்பெயரைத் தாங்கிய சம்பந்த முதலியாரை ‘தமிழ் நாடகத் தந்தை’ என்கிறோம். 1891-இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் கனவான்களும் நடித்தார்கள். நடிப்பு அவர்களுக்குப் பிழைப்பல்ல, அதனால் கௌரவம். பாய்ஸ் கம்பெனிகளில் சோற்றுக்காக நடித்த சிறுவர்களுக்குக் கிடைத்த பட்டமோ ‘கூத்தாடி’.

1918-இல் சங்கரதாஸ் சுவாமிகளின் சபையில் சேர்ந்தபோது டி.கே.சண்முகத்துக்கு வயது ஆறு. தந்தையை இழந்த எம்.ஜி.ஆரையும் அவர் அண்ணனையும் நாடகக் கம்பெனிக்கு அனுப்பியது வறுமை. அங்கே கம்பெனிதான் வீடு, வாத்தியார்தான் சட்டம். பாடம் தவறினால் பிரம்படி. குரல் உடைந்தால் மதிப்பு போயிற்று.

இதற்கு நாம் வைத்த பெயர் ‘குருகுலம்’. அடிபட்டதால்தான் ஆளானார்கள் என்று மேடைதோறும் பேசுகிறோம். ஜெயித்த நாலு பேரைக் காட்டி, பெயரே தெரியாமல் போன பையன்களின் அழுகைக்குக் கணக்கு முடிக்கிறோம். ஜெயித்தவர்களுக்கும் புகழ் சும்மா வரவில்லை. குழந்தையாகவே மேடையேறிய எஸ்.ஜி.கிட்டப்பா 1933-இல் இறந்தபோது வயது 27.

‘கிட்டப்பா பிராமணர்தானே, இதில் சாதி எங்கே?’ என்று கேட்கலாம். அந்தச் சிறுவர்கள் எல்லோரும் ஒடுக்கப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உழைத்துப் பிழைப்பவரைக் கீழேயும், பொழுதுபோக்காகச் செய்பவரை மேலேயும் வைக்கிற கண் சாதியின் கண். குருவின் கை எதையும் செய்யலாம் என்கிற பக்தியும் அங்கிருந்தே வருகிறது.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழே உழைப்பைத் தடை செய்துவிட்டு இரண்டு வாசல்களைத் திறந்து வைத்தது. ஒன்று, சினிமா, டி.வி. போன்றவற்றில் குழந்தைக் கலைஞர்கள். விதிப்படி நாளுக்கு ஐந்து மணி நேரம் வரை வேலை வாங்கலாம். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் போட்டால் போதும். இன்னொன்று, பள்ளி நேரம் போக ‘குடும்பத் தொழில்’. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்து, போராடி நாம் விரட்டிய குலக்கல்வி இப்போது இந்த வாசல் வழியாக வருகிறது. செருப்புத் தைப்பவர் வீட்டுப் பிள்ளைக்குக் ‘குடும்பத் தொழில்’ எதுவென்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா?

பாட்டுப் போட்டி மேடையில் ஒரு குழந்தை தேம்புகிறது. கேமரா அதன் முகத்துக்கு நெருங்குகிறது. நாம் கைதட்டுகிறோம். ‘திறமை’ என்று சொல்வதற்கு முன், அந்தக் குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கியது என்று கேட்போம். இரண்டு வாசல்களையும் மூடச் சொல்லிக் குரல் கொடுப்போம். அதுவரை நம் கைதட்டலும் பிரம்படிதான்.