கலாய்க்க எதிர் டீம் வேணாமா மச்சான்?

சாந்தோம் பீச் மணலில் பந்து உதைக்கும் பசங்களிடம் கேளுங்கள். நீல ஜெர்சி என்றால் சென்னையின் எஃப்.சி., மஞ்சள் என்றால் கேரளா பிளாஸ்டர்ஸ். நேரு ஸ்டேடியத்திலும் அதே கதைதான்: நம்ம 'சூப்பர் மச்சான்ஸ்' ஒரு பக்கம், கேரளாவின் 'மஞ்ஞப்படா' மறுபக்கம்.

இந்தப் பகை தேவையா? தேவைதான். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவை அவங்க ஊரிலேயே 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினோமே, அது இன்னும் இனிப்பது எதிரி பலமானவன் என்பதால்தான்.

2025 ஜூலையில், கால்பந்து சம்மேளனத்துடனான வணிக ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. நீலம், மஞ்சள் எல்லாருக்கும் ஒரே வலி.

அதனால நல்லா கலாய்ங்க. கை மட்டும் வைக்காதீங்க. அடுத்த மேட்ச்சுக்கு அவனும் வரணும்!