மாமன் அங்கே, மருமகன் இங்கே

திருப்பதியில் பஸ் ஏறுகிறவர் சுமார் இரண்டு மணி நேரத்தில் திருத்தணியில் இறங்கிவிடலாம். நடுவில் ஒரு மாநில எல்லை. பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறும், அவ்வளவுதான். அனுமதிச் சீட்டு கேட்பார் இல்லை.

இந்த எல்லை சும்மா வந்ததல்ல. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் போயிற்று. 'மதராஸ் மனதே' என்று தெலுங்கர்கள் முழங்க, வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை என்று ம.பொ.சி. போராடினார். மத்தியஸ்தரான எச்.வி. படாஸ்கர், பெரும்பான்மை மொழி எது என்று கிராமம் கிராமமாகப் பார்த்துக் கோடு கிழித்தார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இங்கே வந்தது. செங்கல்பட்டு, சேலம் மாவட்டக் கிராமங்கள் சில அங்கே போயின. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே தங்கின. பெருமாள் அவர்களுக்கு, மருமகன் முருகன் நமக்கு!

சித்தூர்த் தமிழருக்குத் தாய்மொழிக் கல்வி பற்றிய மனக்குறை உண்டு, நியாயமானதே. ஆனால் கோடு மாறியதால் அவர்கள் வீட்டை இழக்கவில்லை, வோட்டையும் இழக்கவில்லை. 1950லேயே அரசியல் சட்டம் இரு தரப்புக்கும் சம உரிமை தந்திருந்தது. கோடு பிறகுதான் வந்தது.

பாலஸ்தீனத்தில் ஒரே நாடு போதும் என்பவர்கள் கேட்பது இந்தக் கூரையைத்தான். 1947இல் ஐ.நா.வின் 11 நாட்டுக் குழுவில் பெரும்பான்மையினர் பிரிவினையைப் பரிந்துரைக்க, இந்தியாவும் ஈரானும் யுகோஸ்லாவியாவும் ஒரே கூட்டாட்சி நாடு என்றன. யாரும் கேட்கவில்லை. தொடர்ந்த போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். 1999இல் எட்வர்ட் சயித் அந்த யோசனைக்கு மறுபடி உயிர் கொடுத்துப் பார்த்தார்.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. ஜோர்டான் நதிக்கும் கடலுக்கும் இடையே இரு தரப்பும் ஏறக்குறைய 70 லட்சம். ஆளுக்கொரு வோட்டு என்றால் அது யூத நாடாக நீடிக்க முடியாது. இஸ்ரேலின் 2018ஆம் ஆண்டுச் சட்டமோ, அங்கே சுயநிர்ணய உரிமை யூதர்களுக்கு மட்டுமே என்கிறது. 2023 அக்டோபர் 7 தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேரும், அதன்பின் காஸாவில் பல்லாயிரம் பேரும் மாண்ட பிறகு, ஒரே கூரையின்கீழ் வாழச் சொன்னால் காது கொடுப்பவர் குறைவு.

இரு நாடு என்பாருக்கும் வழி சுலபமில்லை. மேற்குக் கரையெங்கும் யூதக் குடியேற்றங்கள். படாஸ்கரே போனாலும் கோடு கிழிக்கத் திணறுவார். அங்கே குடியேறியவர் மீது வழக்கு என்றால் இஸ்ரேலின் சிவில் நீதிமன்றம். பக்கத்து ஊர்ப் பாலஸ்தீனருக்கு ராணுவ நீதிமன்றம்.