கூட்டிப் பெருக்கியவர் கையில் கொடுங்கள்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை திருவண்ணாமலை விடுதிகளில் பரபரப்புக்குக் குறைவிருக்காது. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை முடித்து விடியற்காலையில் வந்து படுத்தவர்கள், கண் எரிச்சலோடு எழுந்து குளித்து, மூட்டை கட்டி, ஆந்திரத்துக்கோ பெங்களூருக்கோ வண்டி ஏறிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேருக்கான அறையில் ஐந்தாறு பேர் தங்கியிருப்பார்கள். தரையெல்லாம் ஈரமும் விபூதியும், குளியலறையில் வெறுங்காலோடு மலை சுற்றி வந்தவர்களின் சேறு, கட்டிலுக்கு அடியில் பிரசாதப் பொட்டலக் காகிதம். அடுத்த குடும்பம் பெட்டி படுக்கையோடு வரவேற்பறையில் காத்திருக்கும். நடுவே கிடைக்கிற அரைமணி நேரத்துக்குள் அந்த அறையைக் கூட்டி, கழிப்பறையைக் கழுவி, படுக்கை விரிப்பை மாற்றிவிட வேண்டும். இந்த வேலையைச் செய்கிறவர் பெரும்பாலும் பக்கத்து ஊரிலிருந்து வருகிற ஒரு பெண். கிளம்பியவர்களும் அவரைப் பார்ப்பதில்லை, வருகிறவர்களும் பார்ப்பதில்லை.

மலைக்கு மேற்கே, வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவில் இருக்கிறது அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று ஊர் மரபு சொல்கிறது. அவருக்கு அங்கே தனிக் கோயிலும் உண்டு. இன்று அந்தப் பகுதியிலும், கிரிவலப் பாதை நெடுகிலும் தங்கும் விடுதிகள் பெருகிவிட்டன. நகராட்சியாக இருந்த திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சி ஆனது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் வருகிற கூட்டத்தில் தெலுங்கு பேசுகிறவர்களின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறது. கார்த்திகை தீபத்தன்று அறை வாடகை எவ்வளவு ஏறும் என்பதை இந்த ஊருக்கு ஒருமுறை வந்தவர்களுக்கும் சொல்லத் தேவையில்லை.

இங்கே வருகிறவர்களைக் கஞ்சர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பாதையோரத்துச் சாதுக்களுக்குப் போடுவதற்கென்றே சில்லறை மாற்றி, பை நிறையக் கொண்டுவருகிறார்கள். தங்கள் செலவில் அன்னதானம் செய்கிறார்கள். கிளம்பும்போது விடுதியிலும் கொடுக்கத்தான் செய்கிறார்கள். பெட்டி தூக்கிய ரூம் பாய்க்கு ஐம்பது, காபி வாங்கி வந்த பையனுக்கு இருபது, காருக்கு வழிவிட்ட வாட்ச்மேனுக்கு முப்பது. எதிரில் வந்து நிற்கிறவருக்குக் கிடைத்துவிடுகிறது. கழிப்பறை கழுவியவர் எதிரில் வருவதில்லை. அவர் வேலையே விருந்தினர் போன பிறகுதான் தொடங்குகிறது. கொடுக்கிற மனம் இருந்தும் அதிகம் உழைத்தவருக்கு ஒன்றும் போய்ச் சேராத இந்த முறையை மாற்ற வேண்டும்.

இதே சிக்கலை மிதக்கும் விடுதிகளான பயணக் கப்பல்கள் பல ஆண்டுகளாகச் சந்தித்து வருகின்றன. சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலை 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த பிறகு, விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் இலங்கைத் துறைமுகங்களும் தமிழ்க் குடும்பங்களின் விடுமுறைத் திட்டத்தில் இடம்பிடித்தன. ஏறத்தாழ 800 அறைகள் கொண்ட அந்தக் கப்பல் 1990-இல் கட்டப்பட்டது. இப்படிப்பட்ட கப்பல்களில் அறையைப் பராமரிப்பவரை கேபின் ஸ்டூவர்ட் என்பார்கள். பதினைந்து இருபது அறைகள் ஒருவர் பொறுப்பில் இருக்கும். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம் முடியும்வரை வீட்டு வாசலை மிதிக்க முடியாது. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. வேலை நேரமாகக் கணக்கிட்டால், ஒரே நாளில் 14 மணி நேரம் வரைகூட உழைக்க வைக்கலாம் என்பதுதான் அதன் உச்சவரம்பு. 2006-இல் உருவான அந்த உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது.

அமெரிக்கப் பெருங்கப்பல் நிறுவனங்கள் பலவும் பணிக்கொடை என்ற பெயரில் ஒரு பயணிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் சேர்த்துவிடுகின்றன. அந்தத் தொகை ஸ்டூவர்ட், உணவு பரிமாறுபவர் என்று பலருக்கும் பிரிகிறது. பயணியின் கண்ணில் படாமலே உழைக்கிற சிலருக்கும் பங்கு போகிறது. கண்ணில் படாதவருக்கும் பங்குண்டு என்று எழுதிவைத்தது நல்ல காரியம். ஆனால் முதலாளி கொடுக்க வேண்டிய சம்பளத்தின் பெரும்பகுதி பயணியின் தலையில் ஏறியது அதே வழியில்தான். இதற்கு மேலும் ஸ்டூவர்ட் கையில் தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று பயணிகள் குழம்புகிறார்கள். பிரிட்டனின் பி அண்ட் ஓ க்ரூசஸ் நிறுவனம் 2019 மே மாதம் வேறு வழியைக் காட்டியது. தலைக்கு நாளொன்றுக்கு 7 பவுண்டு என்றிருந்த பணிக்கட்டணத்தை நீக்கிவிட்டு, அதைக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டது. பயணி விரும்பினால் கூடுதலாகக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

கப்பல் ஸ்டூவர்டின் முன்னோர் அமெரிக்க ரயில்களில் இருந்தார்கள். புல்மன் நிறுவனத்தின் தூங்கும் பெட்டிகளில் படுக்கை விரித்து, காலணி துடைத்து, ராத்திரி முழுக்க விழித்திருந்த கறுப்பினப் பணியாளர்களுக்குச் சம்பளம் மிகக் குறைவு. டிப்ஸ் வருகிறதே என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆசா பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் 1925-இல் சங்கம் அமைத்தார்கள்; நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாக 1937 வரை போராட வேண்டியிருந்தது. அந்த நியாயம் இன்னும் சாகவில்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் விதிக்கும் குறைந்தபட்ச ரொக்க ஊதியம் மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது உயரவே இல்லை.

2014 செப்டம்பரில் மேரியட் ஹோட்டல் குழுமம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 1,60,000 அறைகளில், அறையைச் சுத்தம் செய்பவருக்கென்று ஒரு உறை வைத்தது. விரும்பினால் அதில் பணம் வைத்துவிட்டுப் போகலாம். வரவேற்பும் கிடைத்தது, கண்டனமும் எழுந்தது. இவ்வளவு பெரிய நிறுவனம் தானே சம்பளத்தை உயர்த்தலாமே என்று கேட்டார்கள். கேட்டது சரிதான். ஆனாலும் அந்த உறை ஒரு உண்மையை ஊருக்குச் சொல்லிவிட்டது: ஹோட்டலில் டிப்ஸ் கிடைக்க மிகக் குறைவான வாய்ப்புள்ளவர் அறையைச் சுத்தம் செய்பவர்தான்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் பாதி வழி வந்திருக்கிறது. உணவகமும் ஹோட்டலும் சர்வீஸ் சார்ஜைத் தாமாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல், உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தார். விருந்தினரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது இதனால் உறுதியானது.

மறுபாதி ஊழியர் பக்கம். 2016 ஏப்ரலில் ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமான வரி வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் தருகிற டிப்ஸ் முதலாளி தருகிற சம்பளம் ஆகாது என்று சொன்னது. ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஹோட்டல் வழக்கின் 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அது சுட்டிக்காட்டியது. வரிக்கணக்குக்காகச் சொன்ன இந்த நியாயத்தை ஒவ்வொரு லாட்ஜ் முதலாளியும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். விருந்தினர் கொடுத்த நூறு ரூபாயைக் காட்டி, மாதச் சம்பளத்தில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

டிப்ஸ் ஏன் சம்பளத்துக்கு ஈடாகாது என்பதை அறிய அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை, நம் கோயில்களைப் பார்த்தாலே போதும். மொட்டை அடிக்கக் கட்டணம் இல்லை என்று 2021 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. கட்டணத்தில் கிடைத்த பங்கை நம்பியிருந்த முடிகாணிக்கைப் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றும் சொன்னது. பக்தருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் 5,000 ரூபாயில் ஒரு குடும்பம் மாதத்தை ஓட்ட முடியாது. மீதிக்கு பக்தர் விரும்பிக் கொடுப்பதைத்தான் பார்த்திருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் மதுரை நேதாஜி சாலை பாலதண்டாயுதபாணி கோயிலில், அர்ச்சகர் தட்டில் விழும் காணிக்கையை உண்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது திரும்பப் பெறப்பட்டது. போதிய சம்பளம் உறுதியாகாத இடத்தில் விரும்பிக் கொடுக்கும் காசே பிழைப்பாகிவிடுகிறது. அதை எடுக்கவும் முடிவதில்லை, கணக்கில் கொண்டுவரவும் முடிவதில்லை.

டிப்ஸே கூடாது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் இல்லை. நேர்த்திக்கடனுக்காக வருடம் முழுக்கச் சேர்த்து வைத்து வருகிற குடும்பங்கள் இருக்கின்றன. காசு கொடுத்தவருக்கு உடனே வெந்நீர், கொடுக்காதவருக்கு ஒரு மணி நேரம் கழித்து என்று ஆகிவிட்டால் அது அந்தக் குடும்பங்களுக்குச் செய்கிற அநியாயம். அரசு மருத்துவமனைகளில் சக்கர நாற்காலி தள்ளவும் காசு கேட்கிறார்கள் என்ற புகாரைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன மக்கள் நாம். அதனால் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். வேலைக்கு முன்னால் கேட்டு வாங்குவதற்கு இடமே கூடாது. வேலை முடிந்த பிறகு, கேட்காமல், முடிந்தவர் முடிந்ததைக் கொடுக்கட்டும். இந்த வரையறைக்குள் நின்றால் ஏழை பக்தருக்கும் நஷ்டமில்லை, துப்புரவு செய்பவரின் மரியாதைக்கும் குறைவில்லை.

சம்பளம்தான் வாங்குகிறார்களே என்று கேட்பவர்கள், தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வாடகையை எத்தனை மடங்கு கொடுத்தோம் என்று நினைத்துப் பார்க்கலாம். ஏறிய அந்த வாடகையில் துடைப்பம் பிடித்தவருக்கு எவ்வளவு ஏறியது? அன்று கூட்டம் மட்டுமா கூடுகிறது, அழுக்கும் சேர்ந்துதான் கூடுகிறது. ஒரே அறையை ஒரே நாளில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டியிருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு வழக்கமான ஊதியத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. 2019-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. குறைந்தபட்ச ஊதியமும் இனி எல்லா வேலைகளுக்கும் பொருந்தும். பத்து அறை வைத்திருக்கிற சிறிய விடுதியும் இதற்கு விலக்கல்ல.

ஆகவே மூன்று பேர் செய்ய வேண்டியது இருக்கிறது. முதலாவது, தங்குகிறவர். அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, இந்த அறையைச் சுத்தம் செய்வது யார் என்று கேளுங்கள். அவரைக் கூப்பிடச் சொல்லி, ஒரு நாளைக்கு ஐம்பதோ நூறோ, அவர் கையிலேயே கொடுங்கள். வரவேற்பறை மேசையில் இருக்கிற க்யூஆர் அட்டையில் அனுப்பினால் பணம் விடுதிக் கணக்குக்குத்தான் போகும். அவர் வேலையில் இருந்தால் அவருடைய எண்ணுக்கே அனுப்பலாமா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு நாள் தங்கினால் அன்றன்றைக்குக் கொடுப்பது நல்லது. நேற்று வந்தவரே இன்றும் வருவார் என்று சொல்ல முடியாது. கொடுக்க வசதியில்லாதவர்கள் குப்பையை ஒரு பையில் கட்டிவைத்து, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாலே அவருக்குப் பெரிய உதவி.

இரண்டாவது, விடுதி நடத்துகிறவர். டிப்ஸ் முழுக்க ஊழியருக்கே, கட்டாயம் இல்லை என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வரவேற்பறையில் ஒட்டுங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெட்டி வைத்தால், அதைத் திறந்து பிரிக்கும்போது துணி துவைப்பவரும் கழிப்பறை கழுவுபவரும் எதிரில் இருக்கட்டும். பங்கும் சமமாக இருக்கட்டும். ஒப்பந்ததாரர் மூலம் ஆள் எடுத்தாலும் சட்டப்படியான ஊதியம் அவர்களுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. கையுறையும் நல்ல ப்ரஷ்ஷும் வாங்கித் தருவதை டிப்ஸ் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

மூன்றாவது, அரசு. தீபத் திருவிழாவுக்காகப் பேருந்து, குடிநீர், மருத்துவ முகாம், அன்னதான அனுமதி என்று மாவட்ட நிர்வாகம் மாதக்கணக்கில் திட்டமிடுகிறது. அன்னதானம் எங்கே நடக்கலாம், யார் அனுமதி பெற வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிறது. விடுதி ஊழியர்களின் ஊதியப் பதிவேட்டைச் சரிபார்ப்பதும் அந்தத் திட்டத்தில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். அடுத்த கார்த்திகைக்கு முன்பே தொழிலாளர் துறை திருவண்ணாமலை நகரிலும் அடி அண்ணாமலை உள்ளிட்ட கிரிவலப் பாதை ஊர்களிலும் விடுதி விடுதியாகப் போய், துப்புரவுப் பெண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் திருவிழா நாட்களின் கூடுதல் நேரத்துக்கு இரட்டை ஊதியமும் கிடைக்கிறதா என்று நேரில் கேட்டறிய வேண்டும்.